கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு இரண்டாமாண்டில் மாறிச் சேர என்னென்ன தேவை?

மார்த்தாண்டம் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் திருவனந்தபுரத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். கேரளத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நான்காண்டு இளநிலைப் பட்ட முறையில் சேர்ந்து, இரண்டு பருவங்களை அரியர் ஏதும் இல்லாமல் முடித்திருக்கிறாள். அவளுடைய தாய்க்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருப்பதால், விடுதியை விட்டு வீட்டுக்கு வந்து, மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ உள்ள ஒரு கல்லூரியில் படிப்பைத் தொடர விரும்புகிறாள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவள். ஆனால் கல்லூரியில் கூடுதல் மொழியாக மலையாளத்தை எடுத்திருக்கிறாள்.

இங்குள்ள ஒரு கல்லூரியில் விசாரித்தபோது, இரண்டாமாண்டில் ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், மாற்றுச் சான்றிதழோடு வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் வாய்மொழியாகச் சொன்னார்கள். அதை நம்பி அங்கே சான்றிதழ்களை வாங்கிவிடலாமா? முதலாமாண்டை மறுபடியும் படிக்க வேண்டிய நிலை வந்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டும்படி வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர், நாகர்கோவில்:

ஐயா, உங்கள் மகள் இப்போது படிக்கும் கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழைத் தயவுசெய்து இன்னும் வாங்க வேண்டாம். அந்தச் சான்றிதழ் கையெழுத்தாகி வெளியே வந்த நாளிலிருந்து அவர் அந்தக் கல்லூரியின் மாணவி அல்லர். இங்கே ஏதேனும் தடை ஏற்பட்டால் திரும்பிப் போவதற்கு அங்கே இடம் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு இடையில் மாறுவதை முடிவு செய்வது கல்லூரி அன்று, பல்கலைக்கழகம். நம் குமரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கல்லூரி முதல்வர் தம் கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் காலியிடம் இருப்பதைச் சான்றளித்து விண்ணப்பத்தைப் பரிந்துரைக்கலாம். அதற்கு மேல் அவருக்கு அதிகாரம் இல்லை. எனவே வாய்ச்சொல் எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டிருந்தாலும், பல்கலைக்கழகத்தின் எழுத்துமூலமான ஒப்புதல் கைக்கு வரும்வரை அதைச் சேர்க்கையாகக் கருத முடியாது.

வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில், இங்கே சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் கல்லூரியிடமிருந்து காலியிடம் உண்டு என்று ஒரு கடிதம் பெறுங்கள். அடுத்து, இப்போதைய கல்லூரியிடமிருந்து தடையின்மைச் சான்றும், இரண்டு பருவங்களுக்குரிய வருகைச் சான்றும், நன்னடத்தைச் சான்றும் பெறுங்கள். தடையின்மைச் சான்று வாங்குவதால் அங்கே அவருடைய பெயர் நீங்காது. இவற்றோடு இரு பருவ மதிப்பெண் பட்டியல்கள், முதல்வரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள முழுப் பாடத்திட்டம், பத்து மற்றும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களின் நகல்கள், சாதிச் சான்றிதழ், மாற்றம் கோருவதற்கான காரணத்தைக் காட்டும் மருத்துவச் சான்று ஆகியவற்றை இணைத்துப் புதிய கல்லூரி முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் ஆணை வந்த பிறகுதான் மாற்றுச் சான்றிதழும், கேரளப் பல்கலைக்கழகம் தரும் இடப்பெயர்வுச் சான்றிதழும், அதாவது நாம் மைக்ரேஷன் என்று சொல்வதும் வாங்க வேண்டியவை. பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழ்நாட்டிலேயே படித்திருப்பதால், பிற மாநில வாரியங்களில் படித்தவர்களிடம் கேட்கும் தகுதிச் சான்றிதழ் உங்களுக்குத் தேவைப்படாது.

காலத்தையும் கவனியுங்கள். இங்கே இரண்டாமாண்டு வகுப்புகள் பெரும்பாலும் ஜூன் நடுவில் தொடங்கிவிடும். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பதால், ஆணை வருவதற்குள் பருவத்தின் பாதி கடந்துவிட்டால் மூன்றாம் பருவத் தேர்வே கேள்விக்குறியாகிவிடும். மதிப்பெண் பட்டியல் அச்சாகி வரத் தாமதமானால், இணையத்தில் வெளியான முடிவின் அச்சுப்படியில் முதல்வரின் சான்றொப்பம் பெற்று விண்ணப்பத்தை முதலில் நகர்த்திவிடுங்கள்.

வேதியியல் ஆசிரியை, நாகர்கோவில்:

கண்காணிப்பாளர் ஐயா சொன்ன வரிசையோடு, பாட ஒப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இத்தகைய விண்ணப்பங்கள் பெரும்பாலும் தேங்கி நிற்பது அங்கேதான்.

கேரளத்தின் புதிய முறையில் முதலாமாண்டு மாணவி ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முதன்மைப் பாடமும், ஏறத்தாழ அதே எடையுள்ள இரண்டு துணைப் பாடங்களும் படிக்கிறார். நான்கு மதிப்பலகு, அதாவது கிரெடிட், கொண்ட ஓர் அறிவியல் பாடத்துக்குள்ளேயே செய்முறையும் அடங்கிவிடுகிறது. நம் பக்கத்தில் செய்முறை தனித் தாள். அதற்குத் தனித் தேர்வும் தனி மதிப்பெண்ணும் உண்டு. ஆகையால், உங்கள் மகள் அங்கே பருமனறி பகுப்பாய்வு என்னும் ஆய்வகச் செய்முறையை முறையாகச் செய்து முடித்திருந்தாலும், மதிப்பெண் பட்டியலில் அது தனியாகத் தெரியாது. ஆய்வகப் பதிவேட்டைத் துறைத் தலைவரின் கையொப்பத்தோடு பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். செய்த சோதனைகளின் பட்டியலையும் அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாட ஒப்பீட்டைப் பார்ப்பவருக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி.

பாடத்தின் தலைப்பு ஒன்றாக இருந்தால் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள்; ஒப்பிடுபவர்கள் அலகு அலகாகப் பார்ப்பார்கள். பொருந்தாத பகுதிக்குரிய தாள்களை விடுபட்ட தாள்களாகக் குறித்து, அவற்றையும் எழுதித் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புதல் தருவதே வழக்கம். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இரண்டு மூன்று தாள்களைக் கூடுதலாக எழுதுவது கடினந்தான் என்றாலும், ஓராண்டை இழப்பதோடு அதை ஒப்பிடவே முடியாது.

மொழிப் பாடத்தில்தான் நீங்கள் இப்போதே முடிவெடுக்க வேண்டும். இங்கே பட்டப் படிப்பின் பாடங்களைப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்; அதில் பகுதி ஒன்றில் வரும் மொழி அறிவியல் மாணவர்களுக்கு நான்கு பருவங்களிலும் தொடரும். மலையாளத் துறை உள்ள கல்லூரியில் சேர்ந்தால் அவர் அதே மொழியைத் தொடரலாம். எல்லைப் பகுதியான நம் மாவட்டத்தில் அத்தகைய கல்லூரி கிடைப்பது அரிதன்று. தமிழுக்கு மாறினால் முதலிரண்டு பருவத் தமிழ்த் தாள்களும் விடுபட்டவையாகச் சேரக்கூடும். கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதுபோலவே பகுதி நான்கில் வரும் சுற்றுச்சூழல் கல்வி போன்ற சிறு பாடங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவற்றில் ஒன்று விடுபட்டாலும் பட்டம் கிடைக்காது.

மதிப்பலகு வங்கியில் கணக்கு இருக்கிறதே, அதன்மூலம் தானாக மாறிவிடாதா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அந்த வங்கி மதிப்பலகுகளைப் பாதுகாத்து வைக்கும். பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி மதிப்பலகுகளை ஈட்ட வேண்டும் என்ற வரம்பும் உண்டு. உங்கள் மகளுக்கு ஓராண்டு மட்டுமே முடிந்திருப்பதால் அந்த வரம்பு தடையாகாது. ஆனால் எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பதை வங்கி முடிவு செய்யாது. அது பல்கலைக்கழகத்தின் வேலை.

கருங்கல்லிலிருந்து ஒரு சித்தி:

அண்ணா, என் அக்காள் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேறொரு மாவட்டத்தில் வணிகவியல் முதலாமாண்டை முடித்துவிட்டு இங்கே மாற முயன்றபோது, ஒரு கல்லூரி அலுவலகத்தில் "டி.சி. கொண்டு வந்தால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். அவனும் வாங்கி வந்து கட்டணத்தைக் கட்டி, வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தான். பருவத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் நேரத்தில்தான் அவனுடைய விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்குப் போகவே இல்லை என்பது தெரிந்தது. அதற்குள் பழைய கல்லூரியில் அவனுடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் முதலாமாண்டில்தான் சேர்ந்தான். விண்ணப்பம் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டதற்கான எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

குழித்துறை ரயில் பயணி:

அம்மாவின் உடல்நிலை தேறும்வரைதான் தேவை என்றால், குழித்துறையிலிருந்து மாணவர் சலுகைப் பருவச்சீட்டில் நாள்தோறும் போய்வருவதையும் எண்ணிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணம்தான். புதிய முறையிலும் மூன்றாண்டு முடித்து 133 மதிப்பலகுகளோடு பட்டம் பெற்று வெளியேறலாம் என்பதால், அங்கேயே தொடர்ந்தால் கூடுதலாக ஓராண்டு ஆகிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை.

மார்த்தாண்டம் தந்தை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நாள்தோறும் போய்வருவதைப் பற்றி வீட்டில் பேசினோம். காலையிலும் மாலையிலும் அவளுடைய தாய்க்குத் துணை தேவைப்படுவதாலும், நான் மாதத்தில் பாதி நாட்கள் வெளியூரில் இருப்பதாலும் அது ஒத்துவராது. மலையாளத்தையே தொடர அவள் விரும்புகிறாள். இன்னும் ஓர் ஐயம்: இடையில் விலகினால் மீதமுள்ள ஆண்டுகளுக்குரிய கட்டணத்தையும் கட்டினால்தான் மூலச் சான்றிதழ்களைத் தருவார்கள் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது உண்மையா?

ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர், நாகர்கோவில்:

பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் மாணவரிடம் திருப்பித் தந்துவிட வேண்டும். கல்லூரி அவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. மாணவர் படிக்கும் பருவத்துக்கோ ஆண்டுக்கோ உரியதைத் தவிர, முழுப் படிப்புக்கும் முன்கூட்டியே கட்டணம் வாங்குவதற்கும் அதில் தடை இருக்கிறது. அப்படி யாரேனும் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். கேட்கும் தொகையையும் காரணத்தையும் எழுத்தில் தரும்படி பணிவோடு கோருங்கள். பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்தக் கடிதத்தை இணைத்து மானியக் குழுவின் இணையவழிக் குறைதீர்ப்புப் பிரிவில் முறையிடலாம். விடுதி, நூலகம், ஆய்வகம் ஆகியவற்றில் நிலுவை இல்லை என்ற சான்றை மட்டும் முன்னதாகவே முடித்து வைத்திருங்கள். அந்த நிலுவையைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

விண்ணப்பத்தில் காரணத்தைச் சுருக்கமாக எழுதுங்கள்: தாயின் அறுவை சிகிச்சை, பராமரிப்புக்கு வீட்டில் வேறு ஆள் இல்லாமை, மருத்துவச் சான்றின் தேதி. விடுபட்ட தாள்கள் ஏதேனும் இருப்பின் அவற்றை எழுத மாணவி உடன்படுகிறார் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். அதற்காக ஒரு கடிதம் மறுபடியும் போய்வரும் நாட்கள் மிச்சமாகும். எல்லாத் தாள்களிலும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் புதிய கல்லூரி அலுவலகத்தின் பெறுகை முத்திரையைத் தேதியோடு வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.