கையெழுத்துப் போட்டால்தான் என்ன? அமெரிக்கக் கருத்தடைக் காப்பீட்டு ஆணையும் கத்தோலிக்க நிறுவனங்களும்

கேள்வி:
முதியோர் இல்லங்கள் நடத்தும் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை அமெரிக்க அரசோடு நடத்திய வழக்கைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கருத்தடைக்கு ஒரு காசும் தர வேண்டாம், "எங்களுக்கு மறுப்பு உண்டு" என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்றுதானே அரசு சொன்னது? பிறகு ஏன் மறுத்தார்கள்? மறைமாவட்டத்துக்கு (ஓர் ஆயரின் நிர்வாகப் பகுதிக்கு) முழு விலக்கு, அதன் சமூக சேவை அமைப்புக்கு இல்லை என்பதும் பிடிபடவில்லை.

மறுமொழி 1:
இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2010 மார்ச்சில் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், தடுப்பு மருத்துவத்துக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. அதில் பெண்களுக்கு எவை அடங்கும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை, சுகாதாரத் துறையிடம் விட்டது. 2011 ஆகஸ்டில் அந்தத் துறை, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புக்கொண்ட கருத்தடை முறைகள் அனைத்தையும், பெண்களுக்கான கருத்தடை அறுவையையும் சேர்த்தது.

யாருக்கு விலக்கு என்பதை முடிவு செய்ய 2013 விதி பிடித்துக்கொண்டது வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவை. ஆண்டு விவர அறிக்கை தாக்கல் செய்யத் தேவையில்லாத தேவாலயங்கள், அவற்றோடு ஒன்றிய துணை அமைப்புகள், துறவற சபைகளின் முற்றிலும் சமயம் சார்ந்த பணிகள், இவ்வளவுதான் அதில் வரும். முதியோரைப் பராமரிப்பதும் பசித்தவருக்குச் சோறு போடுவதும் அந்த வரையறைக்குள் நிற்கவில்லை. வரி வசூலுக்காக எழுதிய எல்லைக்கோட்டை எடுத்து, எது சமயப் பணி என்று அளக்கப் பயன்படுத்தினார்கள். என் பார்வையில் சிக்கலின் வேர் இதுதான். விதி ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியாகப் பார்த்ததால், மறைமாவட்டமும் அதன் சேவை அமைப்பும் ஒரே காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தாலும் நிலை வேறுபட்டது.

மறுமொழி 2:
கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். திட்டம் எந்த வகை என்பதைப் பார்க்காமல் இதைப் பேசவே முடியாது.

காப்பீட்டு நிறுவனத்திடம் பிரீமியம் கட்டும் திட்டம் என்றால், அந்த நிறுவனத்துக்கே சட்டக் கடமை உண்டு. படிவம் போனதும் அது தன் செலவில் தனியாக வழங்கும். நிறுவனமே தன் பணத்தில் மருத்துவச் செலவைக் கொடுத்து, கணக்கு வழக்கை மட்டும் வெளியே ஒரு நிர்வாகியிடம் விட்டிருந்தால் கதை வேறு. அந்த நிர்வாகிக்குச் சொந்தக் கடமை எதுவும் கிடையாது. மறுப்பைச் சொல்லும் அந்த '700' எண் படிவம் கைக்கு வந்த பிறகுதான், தொழிலாளர் நலத் திட்டச் சட்டத்தின்படி கருத்தடைக்கு மட்டும் அவர் 'திட்ட நிர்வாகி' ஆகிறார். ஆக, அந்தத் தாள் வெறும் மறுப்புச் சீட்டு அல்ல, அதிகாரம் கொடுக்கும் பத்திரம். பாவத்துக்கு உடந்தை என்று சகோதரிகள் சொன்னதன் அடிப்படை இது.

அவர்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. அவர்களுடையது 'திருச்சபைத் திட்டம்', அதாவது திருச்சபை சார்ந்த அமைப்புகள் தங்கள் ஊழியர்களுக்கு நடத்தும் காப்பீடு. அந்தத் தொழிலாளர் சட்டம் அதைத் தொடாது. நிர்வாகி வழங்க மறுத்தால் அரசால் கட்டாயப்படுத்த முடியாது. "அப்படியானால் படிவத்தால் ஒன்றும் நடக்காதே" என்றது அரசு. நடக்காத ஒன்றுக்கு எங்கள் கையெழுத்து எதற்கு என்பது அவர்கள் பக்கம்.

மீறினால் அபராதம் பாதிக்கப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 டாலர். 100 பேர் என்றால் ஆண்டுக்கு 36,50,000 டாலர். காப்பீட்டையே நிறுத்திவிட்டால் சட்டத்தின் அடிப்படைத் தொகை ஊழியருக்கு ஆண்டுக்கு 2,000, முதல் 30 பேரைக் கழித்து. அதே 100 பேருக்கு 1,40,000 டாலர். காப்பீட்டை நிறுத்துவது மலிவு, ஆனால் ஊழியர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள்.

மறுமொழி 3:
மேலே சொன்னதோடு ஒரு திருத்தம்: 2014 ஜூலையில் வீட்டன் கல்லூரி என்ற கிறிஸ்தவக் கல்லூரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவுக்குப் பிறகு 700 படிவம் கட்டாயமில்லை. சுகாதாரத் துறைக்குக் கடிதம் எழுதினால் போதும். ஆனால் விதிப்படி அந்தக் கடிதத்தில் நிர்வாகியின் பெயரும் முகவரியும் கேட்டார்கள், மறுப்பு அங்கேயும் தொடர்ந்தது. 2016 மே மாதம், சகோதரிகளின் வழக்கையும் சேர்த்து விசாரித்த சூபிக் வழக்கில் எட்டு நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லாமல் கீழ் நீதிமன்றங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2018 விதிகள் விலக்கை விரிவாக்கின, அப்படி விரிவாக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் ஏற்றது. அத்தோடு முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. விதிக்குச் சொன்ன காரணம் போதுமா என்ற கேள்வி பாக்கி இருந்தது. 2025 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது.

கருத்தடையைக் காப்பீட்டில் சேர்க்கச் சொல்லும் மாநிலச் சட்டங்களை மறந்துவிடாதீர்கள். கலிபோர்னியாவில் 2004-லும் நியூயார்க்கில் 2006-லும் கத்தோலிக்கச் சேவை அமைப்புகள் மாநில நீதிமன்றங்களில் தோற்றன. சமய நம்பிக்கைக்கு அரசு சுமை ஏற்றுவதைத் தடுக்கும் 1993-ஆம் ஆண்டின் சமயச் சுதந்திர மீட்புச் சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1997-லேயே தீர்ப்பாகிவிட்டது. அதனால் அந்த மாநிலங்களில் பிரீமியம் கட்டும் திட்டத்தை விட்டு, மாநிலக் காப்பீட்டுச் சட்டம் எட்டாத, சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டத்துக்கு மாறுவது சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வழி.

கேட்டவர்:
நன்றி. கருப்பை உள்சவ்வு நோய்க்கு அதே மாத்திரை கொடுத்தால் திருச்சபை மறுக்குமா?

மறுமொழி 2:
மறுக்காது. கருத்தடை பற்றித் திருத்தந்தை 1968-இல் எழுதிய 'ஹுமானே வீத்தே' மடலின் 15-ஆம் பத்தி, நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபட்டாலும், தடுப்பதே நோக்கமாக இல்லாதவரை அதை அனுமதிக்கிறது. சிக்கல் வருவது நடைமுறையில்தான்: சீட்டில் நோயின் பெயர் இல்லாவிட்டால் மருந்துக் கடையின் கணினி அதைக் கருத்தடை என்றே எடுத்துத் தள்ளிவிடும். விலக்குப் பெற்ற திட்டத்தின் ஆவணத்தில் "மருத்துவக் காரணத்துக்கு உண்டு" என்ற வரியையும், முன் அனுமதிக்கு மருத்துவர் எதை அனுப்ப வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் வலியோடு அலையப்போவது நோயாளிதான்.