மிட் சஃபோக்கின் ஊர்களில் அடுத்த ஐந்தாண்டுகளில் எத்தனை வீடுகள் எழும்? முன்கணிப்பை எங்கிருந்து தொடங்குவது?

நிலவரைவு (கேள்வி):

வணக்கம். இங்கிலாந்தில் நகரமைப்பு முதுகலை படித்து வருகிறேன். ஆய்வேட்டுக்காக நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள மிட் சஃபோக் மாவட்டத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டோமார்க்கெட், நீடம் மார்க்கெட், ஐ என்று மூன்று சிறு நகரங்கள்; எஞ்சியவை யாவும் வயல்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் கிராமங்கள். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 96,700 ஆக இருந்த மக்கள்தொகை 2021இல் 1,02,700 ஆயிற்று. பக்கத்து மாவட்டமான பேபருடன் சேர்ந்து வகுத்த கூட்டு உள்ளூர்த் திட்டத்தின் முதற்பகுதி 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 2018 முதல் 2037 வரை மிட் சஃபோக்கில் 10,165 வீடுகள், அதாவது ஆண்டுக்கு 535 வீடுகள் கட்டப்பட வேண்டும்.

ஒவ்வோர் ஊரிலும் அடுத்த ஐந்தாண்டுகளில் ஆண்டுவாரியாக எத்தனை வீடுகள் கட்டி முடிக்கப்படும் என்று கணிப்பதே என் வேலை. முதலில் கடந்த பத்தாண்டுகளின் சராசரியை ஊர் ஊராக எடுத்து அப்படியே முன்னோக்கி நீட்டினேன். தர்ஸ்டன் போன்ற கிராமத்துக்கு அந்தச் சராசரி கேலிக்கூத்தாக முடிந்தது. 2017இன் இறுதியில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கான விண்ணப்பங்கள் அங்கே ஒரே சமயத்தில் ஏற்கப்பட்டதால், அதற்கு முந்தைய தர்ஸ்டனுக்கும் பிந்தைய தர்ஸ்டனுக்கும் தொடர்பே இல்லை. அடுத்து மாவட்ட மன்றம் வெளியிடும் ஐந்தாண்டு வீட்டுநில இருப்பு அறிக்கையிலுள்ள பட்டியலை எடுத்து, ஊர்வாரியாகக் கூட்டி வைத்தேன். என் வழிகாட்டி அதையும் திருப்பி அனுப்பி, "இது முன்கணிப்பு அல்ல, வேறு ஏதோ" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அந்த "வேறு ஏதோ" என்ன என்பதும், நாலைந்து வீடுகளே எழும் சிறு கிராமங்களை எப்படிக் கையாள்வது என்பதும் எனக்குப் புரியவில்லை. இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

களிமண்தரை:

உங்கள் வழிகாட்டி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம். நான் சில ஆண்டுகள் ஓர் ஊரக மாவட்ட மன்றத்துக்காக இந்த அறிக்கையைத் தயாரித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஐந்தாண்டு நில இருப்பு அறிக்கை ஒரு வழக்காடு ஆவணம். மன்றத்திடம் ஐந்தாண்டுகளுக்குப் போதுமான நிலம் இருக்கிறது என்று, அனுமதி மறுக்கப்பட்டவர்களின் மேல்முறையீட்டை விசாரிக்கும் ஆய்வாளர் முன் நிறுவுவதற்காக அது எழுதப்படுகிறது. ஒரு மனை அதில் இடம்பெற வேண்டுமானால் ஐந்தாண்டுகளுக்குள் அங்கே வீடுகள் எழுவதற்கு யதார்த்தமான வாய்ப்பு இருந்தால் போதும். எழுந்தே தீரும் என்று காட்ட வேண்டியதில்லை. 2017இல் செயின்ட் மோட்வென் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத்தான் தெளிவுபடுத்தியது. கட்டக்கூடிய நிலம் என்பது ஒன்று, அங்கே எத்தனை வீடுகள் உண்மையில் கட்டப்படும் என்பது மற்றொன்று. முதலாவதன் பட்டியலைக் கூட்டி இரண்டாவதன் விடையாகக் கொடுத்தீர்கள்.

2018 ஜூலையில் தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகம் திருத்தப்பட்டபோது, கட்டக்கூடிய நிலம் என்பதன் வரையறை இறுகியது. பத்து வீடுகளுக்குக் குறைவான மனைகளும் முழு அனுமதி பெற்ற மனைகளும், மாறான தெளிவான சான்று இல்லாதவரை, அனுமதி காலாவதியாகும் வரையில் பட்டியலில் இருக்கலாம். அவுட்லைன் அனுமதி (விவரங்களைப் பின்னர் தீர்மானிக்க விட்டு, கொள்கையளவில் தரும் அனுமதி) மட்டும் பெற்ற பெரிய மனையோ திட்டத்தில் ஒதுக்கப்பட்டு இன்னும் அனுமதி பெறாத மனையோ பட்டியலில் சேர வேண்டுமானால், ஐந்தாண்டுகளுக்குள் வீடுகள் முடியத் தொடங்கும் என்பதற்கு மன்றமே சான்று காட்ட வேண்டும். இந்தப் புதிய வரையறை தொடக்கத்திலேயே உரசிப் பார்க்கப்பட்ட இடங்களில் ஒன்று உங்கள் மாவட்டம் என்பது ஒரு சுவையான தற்செயல். வுல்பிட் கிராமத்தில் 49 வீடுகளுக்கான மேல்முறையீட்டில், 2018 செப்டம்பரில், கணக்கு முடிக்கும் தேதிக்குப் பின் அனுமதி பெற்ற மனைகளைச் சேர்க்க முடியாது என்றும், அறிக்கையை முதலில் வெளியிட்டுவிட்டுச் சான்றைப் பிறகு தேடுவது தவறு என்றும் ஆய்வாளர் எழுதினார். அந்தத் தீர்ப்பை முழுமையாகப் படியுங்கள். ஒவ்வொரு மனையையும் எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இனி மனைவாரிக் கணிப்புக்கு வருவோம். பெரிய மனை ஒவ்வொன்றையும் தனித்தனியே, கட்டம் கட்டமாக நகர்த்திப் பாருங்கள். அவுட்லைன் அனுமதி பெற்றவர் ரிசர்வ்டு மேட்டர்ஸ் விண்ணப்பத்தை, அதாவது அப்படி விடப்பட்ட விவரங்களுக்கான விண்ணப்பத்தை, மூன்றாண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். கடைசி ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து வேலையைத் தொடங்க மேலும் இரண்டாண்டுகள் உண்டு. சட்டத்தை மீறாமலேயே ஐந்தாண்டுகள் ஒரு செங்கல்லும் வைக்காமல் கழிந்துவிடலாம். நம் ஊரில் மனைப்பிரிவு அங்கீகாரம் வாங்கி, கல் நட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் கருவேலம் மண்டிக் கிடக்கும் நிலங்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. எனவே அனுமதியின் தேதியைவிட, அந்த நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. நிலத்தரகு நிறுவனம் அனுமதி வாங்கியிருந்தால், அதைக் கட்டுமான நிறுவனத்துக்கு விற்று, அந்த நிறுவனம் தன் வீட்டு மாதிரிகளுக்கேற்ப வரைபடத்தைத் திருத்தி மறுபடி விண்ணப்பிக்கும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும்.

வேலை தொடங்கிய பின் வேகத்தைத் தீர்மானிப்பது கொத்தனாரின் கை அல்ல, சந்தைதான். அரசுக்காக ஆலிவர் லெட்வின் தயாரித்து 2018 அக்டோபரில் வெளியான அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: உள்ளூர் விலையைக் குலைக்காமல் எத்தனை வீடுகளை விற்க முடியுமோ அத்தனைதான் கட்டப்படும். அவர் ஆராய்ந்த மிகப் பெரிய மனைகளில் ஆண்டுக்குக் கட்டி முடிக்கப்பட்டது மொத்தத்தில் 6.5 சதவீதம் என்ற அளவிலேயே இருந்தது. அந்தச் சதவீதத்தை அப்படியே வுல்பிட்டுக்குக் கொண்டு வராதீர்கள். அவை ஆயிரக்கணக்கான வீடுகள் கொண்ட மனைகள். காரணம்தான் பொருந்தும். ஒரே நிறுவனம் விற்கும் கிராமத்து மனையில் ஆண்டுக்கு முப்பதிலிருந்து நாற்பது என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். ஆனால் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட பசுநில (இதுவரை கட்டடம் எழாத நில) மனைகளில் 35 சதவீதம் கட்டுப்படியாகும் விலை வீடுகளாக இருக்க வேண்டும் என்பது உங்கள் மாவட்டத் திட்டத்தின் விதி. அவை வீட்டுவசதிச் சங்கத்துக்கு (குறைந்த வாடகை வீடுகளை நிர்வகிக்கும் இலாபநோக்கற்ற அமைப்பு) மொத்தமாகப் போவதால் சந்தை வேகத்துக்குக் கட்டுப்படாமல் முன்கூட்டியே முடியலாம்.

தர்ஸ்டனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அனுமதிகள் வழங்கப்பட்ட காலத்தில் மாவட்டத்திடம் ஐந்தாண்டு நில இருப்பு இல்லை. இருப்பு ஐந்துக்குக் கீழே விழுந்தால், அனுமதிக்குச் சாதகமாகத் தராசு சாய வேண்டும் என்பது தேசியக் கொள்கை; அப்போது எந்தத் திட்டமும் குறிப்பிடாத கிராமங்களில்கூட அனுமதி பிறக்கும். ரயில் நிலையமும் பள்ளியும் உள்ள ஊர்களைத்தான் விண்ணப்பதாரர்கள் முதலில் தேடிப் போவார்கள். ஆக, மாவட்டம் முழுமைக்குமான கணிப்பு தவறினால், அந்தத் தவறே ஊர்களுக்கிடையிலான பங்கீட்டை மாற்றிவிடுகிறது. ஆண்டுக்கு 535 என்ற கணக்கில் ஐந்தாண்டுக்குத் தேவை 2,675 வீடுகள். 2024 டிசம்பரில் மீண்டும் கொண்டுவரப்பட்ட 5 சதவீதக் கூடுதலையும் சேர்த்தால் ஏறத்தாழ 2,809. பழைய பற்றாக்குறையோ மிகுதியோ இந்தக் கணக்கில் இல்லை. உங்கள் மனைவாரிக் கூட்டுத்தொகை இந்த எண்ணுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் கிராமங்களைத் தனித்தனியே கணிக்க முற்படாதீர்கள்.

---

எண்ணும்எழுத்தும்:

களிமண்தரை அவர்கள் கொள்கைப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். புள்ளியியலாளனாக நான் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

சிறு கிராமங்களைத் தனித்தனியே கணிப்பதை விட்டுவிடுங்கள். ஆண்டுக்குச் சராசரியாக நான்கு வீடுகள் எழும் ஊரில், அவை ஒன்றையொன்று சாராமல் எழுவதாகக் கொண்டாலே திட்ட விலக்கம் இரண்டு; அதாவது சராசரியில் பாதி. அந்த ஊரில் ஓர் ஆண்டு ஒரே வீடும் மறு ஆண்டு ஏழு வீடுகளும் எழுந்தால் எதுவும் மாறியதாகப் பொருளில்லை. அத்தகைய இருபத்தைந்து ஊர்களை ஒன்றாகச் சேர்த்தால் சராசரி நூறு, விலக்கம் பத்து, அதாவது பத்தில் ஒரு பங்குதான். எனவே சிறு மனைகளுக்கு மாவட்ட அளவிலோ கிராமத் தொகுதி அளவிலோ ஓர் எண்ணைக் கணியுங்கள். ஊர்வாரியாகக் கேட்டே ஆக வேண்டும் என்றால் அந்த எண்ணை ஊரின் அளவுக்கேற்பப் பகிர்ந்து, அது பங்கீடு மட்டுமே என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, பெரிய மனைகளின் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு மனையில் தாமதம் வடிகால் சிக்கலால் வந்தால் அது அந்த மனையோடு நின்றுவிடும். வட்டி விகிதம் ஏறினாலோ 'ஹெல்ப் டு பை' கடனுதவி நிறுத்தப்பட்டது போன்ற ஒன்று நிகழ்ந்தாலோ எல்லா மனைகளும் சேர்ந்தே மந்தமாகும். அந்தக் கடனுதவிக்கான புதிய விண்ணப்பங்கள் 2022 அக்டோபரில் மூடப்பட்டன. அடமானக் கடன் வட்டி பாய்ந்து ஏறியதும் அதே இலையுதிர் காலத்தில்தான். ஒவ்வொரு மனையின் விலக்கத்தையும் தனித்தனியாகக் கொண்டு கூட்டினால் உங்கள் மேல், கீழ் எல்லைகள் அநியாயத்துக்குக் குறுகிப்போகும். எல்லா மனைகளின் வேகத்தையும் ஒரே காரணியால் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்காலத்தைக் கணிப்பதற்கு முன் கடந்த காலத்தைக் கணித்துப் பாருங்கள். மன்றத்தின் பழைய ஆண்டறிக்கைகளை எடுத்து, அப்போது சொல்லப்பட்ட எண்ணையும் பின்னர் நடந்ததையும் மனைவாரியாக ஒப்பிட்டால், முதலாண்டுக் கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது, நான்காம் ஆண்டுக் கணிப்பு எவ்வளவு ஆசைக் கணக்கு என்பது வெளிப்பட்டுவிடும். சிறு மனைகளில் காலாவதிக்காகப் பல மன்றங்கள் கண்ணை மூடிக்கொண்டு பத்து சதவீதம் கழிக்கின்றன. உங்கள் மாவட்டத்துக்கான கழிவை நீங்களே அளந்து கொள்ளலாம்.

---

ஓட்டுவீடு:

நான் துறை சார்ந்தவன் அல்லன். கிழக்கு இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் பாரிஷ் மன்ற (நம் ஊராட்சி போன்றது) கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

கிராமத்தில் புதுவீடு என்றால் எல்லாமே வயலில் வரிசையாகக் கட்டப்படுவதல்ல. பழைய தானியக் கொட்டகைகளை வீடாக்குவதற்கு முழு விண்ணப்பம் தேவைப்படாத 'கிளாஸ் கியூ' என்ற வழி 2014 முதல் இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து ஒரு பண்ணையில் பத்து வீடுகள் வரை அதன்வழி மாற்றலாம். இதில் கவனிக்க வேண்டியது, மூன்றாண்டுகளுக்குள் தொடங்கினால் போதாது, முடித்தே ஆக வேண்டும் என்பது. மேலும், பலர் கிளாஸ் கியூ ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் காட்டியே கொட்டகையை இடித்துப் புதுவீடு கட்ட முழு அனுமதி கேட்கிறார்கள். உங்கள் பட்டியலில் ஒரே வீடு இரண்டு முறை எண்ணப்படும் இடம் இதுதான். அதேபோல் பழைய பங்களாவை இடித்துப் புதிதாக ஒன்று கட்டினால் நிகரக் கணக்கு பூச்சியம்.

சொந்தமாகக் கட்டிக்கொள்கிறவர்களின் வேகமும் வேறு. எங்கள் தெருமுனையில் ஒருவர் தோட்டத்தில் கேரவனை நிறுத்தி அதிலேயே குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டு நான்கு குளிர்காலங்களாக வீடு கட்டுகிறார். கூரை ஏறிவிட்டது, ஆனால் கணக்கில் இன்னும் ஏறவில்லை. மறுபுறம், ஊருக்கு வெளியே நாற்பது வீடுகளுக்கு அனுமதி பெற்ற வயல் ஒன்று மூன்று கைகள் மாறிவிட்டது. அதற்கான பிரிவு 106 ஒப்பந்தத்தின்படி (அனுமதிக்கு ஈடாக மன்றத்துக்குக் கொடுக்கும் சட்டபூர்வ உறுதிமொழி) சில வீடுகளை எடுத்துக்கொள்ள வேண்டிய வீட்டுவசதிச் சங்கம் எதுவும் முன்வரவில்லை என்பதால் வேலை நிற்கிறது என்று கூட்டத்தில் சொன்னார்கள். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையிலான வீடுகளை இத்தனை தொலைவில் நிர்வகிக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லையாம். களிமண்தரை அவர்கள் முன்கூட்டியே முடியலாம் என்று சொன்ன அதே வீடுகள்தாம் எங்கள் ஊரில் தடையாக இருக்கின்றன.

ஆகவே ஒருமுறையாவது நேரில் சென்று பாருங்கள். வேலியும் விளம்பரப் பலகையும் மட்டும் நிற்கும் மனை எது, சாலைக்கான கருங்கல் கொட்டப்பட்ட மனை எது என்று அரை நாளில் தெரிந்துவிடும்.

---

களிமண்தரை:

ஓட்டுவீடு அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். சங்கத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா என்று கேட்டறிந்த பிறகே முன்கூட்டி முடியும் என்று கொள்ள வேண்டும். ஆகாவிட்டால் அந்த மனையை ஓராண்டாவது தள்ளி வையுங்கள். இந்தக் கேள்விக்கு விடை திட்ட ஆவணங்களில் இராது, மன்றத்தின் வீட்டுவசதி அலுவலரிடம் இருக்கும்.

---

நிலவரைவு:

மூவருக்கும் மிக்க நன்றி. பெரிய மனைகளை உரிமையாளர், அனுமதிக் கட்டம், விற்பனை வேகம் ஆகியவற்றைக் கொண்டு தனித்தனியாகவும், சிறு மனைகளை ஊர்த் தொகுதிகளாகவும் பிரித்து மறுபடி தொடங்குகிறேன். கிளாஸ் கியூ ஒப்புதல்களை முகவரியோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் இரட்டை எண்ணிக்கை ஏழு இடங்களில் இப்போதே அகப்பட்டுவிட்டது. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது: பழைய அறிக்கைகளோடு ஒப்பிடும்போது, கட்டி முடிந்த எண்ணிக்கைக்கு எந்தப் பதிவை நம்புவது?

---

எண்ணும்எழுத்தும்:

மன்றத்தின் ஆண்டுக்கணக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதால் முதலில் அந்த எல்லையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டடக் கட்டுப்பாட்டுத் துறையின் நிறைவுச் சான்று, கவுன்சில் வரிப் பட்டியலில் வீடு சேர்க்கப்பட்ட நாள், எரிசக்தித் திறன் சான்றிதழின் தேதி ஆகிய மூன்றும் ஒரே வீட்டுக்குச் சில மாத இடைவெளியில் வெவ்வேறாக இருக்கும். அதனால் மார்ச்சில் முடிந்த வீடு ஒரு பதிவில் இந்த ஆண்டிலும் மற்றொன்றில் அடுத்த ஆண்டிலும் விழலாம். ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா ஆண்டுகளுக்கும் அதையே பயன்படுத்துங்கள். எரிசக்திச் சான்றிதழ்த் தரவு பொதுவெளியில் முகவரியோடு கிடைப்பதால் நான் அதில் தொடங்குவேன். கொட்டகை மாற்றங்களை மட்டும் வரிப் பட்டியலோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.