'பை அப்' (buy up), 'பை அவுட்' (buy out): இந்த இங்கிலீஷ் சொற்களால வந்த குழப்பம், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

முதலமடைக்காரன்:
மாங்கா சீசன்ல நடந்தது, இன்னும் மனசை அரிக்குது. பக்கத்துத் தோப்பு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொது. மொத்தக் காயையும் எடுத்துக்கறோம்னு சொல்ல வந்த டெல்லி ஏஜென்ட், மெசேஜ்ல 'பை அப்'னு போடாம 'வி வில் பை யூ அவுட்'னு போட்டுட்டார். அண்ணன் பொண்ணு காலேஜ்ல படிக்குது, சத்தமா வாசிச்சுட்டு, "சித்தப்பா, நம்ம பங்கையே வாங்கிக்கறாங்களாம்"னுச்சு. தம்பி காம்புப் பால் ஒட்டின கையைக்கூடத் துடைக்கலை. அண்ணனைப் பார்த்து, "எனக்குத் தெரியாம விலை பேசிட்டியாண்ணா?"ன்னார். அந்தக் குரல்தான் போக மாட்டேங்குது. ஏஜென்ட் போன்ல காய் மட்டும்தான்னு சொன்னப்புறமும் தம்பி அன்னைக்குக் காய் பறிக்கிற தோட்டியைக் கையில எடுக்கலை.

வேலந்தாவளம் சந்தை:
பொண்ணு வாசிச்சது சரிதானே. பங்கை வாங்கி ஆளை வெளியே அனுப்பறதுதான் 'பை அவுட்'. ஆனா 'பை அப்' மட்டும் யோக்கியமா? ஓணத்துக்கு முந்தி ஒரே ஆள் வந்து சந்தையில இருந்த பூசணி அத்தனையும் வளைச்சுப் போட்டார். நானும் ஒரு மெஸ்காரரும் வெறுஞ்சாக்கோட நின்னோம். மதியம் அதே பூசணியை அவர் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதாப் போச்சு.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
சந்தைக்காரரே, அதை ஒத்துக்க மாட்டேனுங்க. பதுக்கறதுக்கும் அந்தச் சொல் வரும், ஆனா பதுக்கல்னு மட்டும் அர்த்தமில்லை. ஏறக்குறைய எல்லாத்தையும், இல்லைன்னா கிடைக்கிற அளவுக்கு வாங்கிக் குவிச்சாலே 'பை அப்'தான். எங்க கிளாஸ்ல ஒரு பையன் ஒத்தைப் பேனாவுக்கு அதை எழுதியிருந்தான். அங்கே வெறும் 'பை' போதும்.

இன்னொண்ணு: 'பை அப் த மேங்கோஸ்', 'பை த மேங்கோஸ் அப்' ரெண்டும் சரி. 'தெம்' வந்தா நடுவுலதான் நிக்கணும்: 'பை தெம் அப்'. 'பை அவுட்'டோட வழக்கமா ஆளோ, பங்கோ, கம்பெனியோ வரும். காசு கொடுத்து ஒருத்தர் வாயை அடைச்சா 'பை ஆஃப்'. ஒரு கருத்தை நம்பி ஏத்துக்கிட்டா 'பை இன்டு'. தொழில்ல பங்கு வாங்கிச் சேர்ந்தாலும் அதேதான்.

முதலமடைக்காரரே, அந்த அண்ணன் தம்பிகிட்ட ஒண்ணு சொல்லுங்க. இங்கிலீஷ் மெசேஜை நம்பி அட்வான்ஸ் வாங்க வேண்டாம். தமிழ்லயோ மலையாளத்துலயோ எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். 'இந்த சீசன் காய் மட்டும், மரமும் நிலமும் சேராது'ன்னு தனி வரியா இருக்கணும். பறிச்சு முடிக்கிற தேதியும் அதிலேயே போடச் சொல்லுங்க.