புதுப்பிப்பு: வி.எஸ். கோடில் ஒரு வரியை மட்டும் ஓட்டுவது

திருகோணமலை மழைத் தரவுக் கோப்பு ஏறவே நேரம் எடுக்கிறது, ஒரு வரியை மாற்றினாலும் பைதான் நிரல் முழுவதையும் திரும்ப ஓட்டத்தான் வேணுமா என்று போன கிழமை கேட்டிருந்தேன். தேவையில்லை. வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

நிரல் எழுதும் செயலியான வி.எஸ். கோடில் பைதான் நீட்சி (கூடுதலாகப் போடும் துணைக்கருவி) இருந்தால், கர்சரை அந்த வரியில் வைத்து ஷிஃப்டும் என்டரும் அழுத்தினால் போதும். அந்த வரி மட்டும் கீழே டெர்மினலில் ஓடும். ஒருமுறை ஏற்றிய கோப்பு நினைவகத்திலேயே இருக்கும்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது செல் முறைதான், அதாவது நிரலைத் தனித்தனியாக ஓட்டக்கூடிய துண்டுகளாகப் பிரிப்பது. தனி வரியில் # %% என்று போட்டால், ஜூபிட்டர் நீட்சி அந்தப் பகுதியைத் தனிச் செல்லாக எடுக்கும். வரைபடமும் பக்கத்து ஜன்னலிலேயே வரும். நவம்பர், டிசம்பர் மழையைப் பிரித்துக் கூட்டும் செல்லை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். அவ்வளவு நிம்மதி!

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கோ. மதிப்பை வைத்திருக்கும் மாறியின் பெயரை மாற்றினாலும் பழைய பெயர் நினைவகத்தில் கிடக்கும். அதை நம்பியிருக்கும் வரிகள் பிழை காட்டாமல் ஓடிவிடும். ஆருக்கும் அனுப்ப முன்னம் கேர்னலை (செல்களை ஓட்டி, மாறிகளை நினைவகத்தில் வைத்திருக்கும் பகுதி) ரீஸ்டார்ட் பண்ணி, மேலிருந்து முழுவதையும் ஒருக்கா ஓட்டுங்கோ.