ஸ்பிளிண்டர் ட்வின்: காம்போவை மட்டும் நம்பிக் கட்டுவதா, பயத்தைக் காட்டி ஆடுவதா?

செந்தூல்வாசி:
மேஜிக்: தி கேதரிங் சீட்டாட்டத்தின் மாடர்ன் போட்டி வடிவில் 2016 ஜனவரியில் தடை செய்த ஸ்பிளிண்டர் ட்வின் கார்டை 2024 டிசம்பரில் திரும்ப விட்டார்கள். எக்ஸார்க் அல்லது பெஸ்டர்மைட் என்ற கிரீச்சர் மேல் ட்வினைப் போட்டால் அது தன்னையே காப்பி எடுக்கும், வந்த காப்பி மூலத்தை அன்டாப் செய்யும், இப்படி முடிவில்லாமல் காப்பி எடுத்து அந்த டர்னிலேயே அடித்து ஜெயிப்பதுதான் காம்போ. அதிலிருந்து கேஎல் கடைகளில் நீலம்-சிவப்பு ஆடுகிறவர்கள் நிறையப் பேர் தடைக்கு முந்தைய பட்டியலையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ட்வின் நாலு, டிசீவர் எக்ஸார்க் நாலு, பெஸ்டர்மைட் இரண்டு, மீதியெல்லாம் போல்ட் (சேதம் செய்யும் ஸ்பெல்), கவுண்டர் (எதிராளியின் ஸ்பெல்லை ரத்து செய்வது), ஸ்னாப்காஸ்டர் (ஏற்கெனவே போட்ட ஸ்பெல்லை மறுபடி போட வைக்கும் கிரீச்சர்). காம்போ வந்தால் சரி, வராவிட்டால் அடித்து ஜெயிக்கலாம் என்ற நினைப்பு. இது இப்போது எடுபடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், முதலில் ஆடுகிறவர் நாலாவது டர்ன் வரை பார்ப்பது 10 கார்டு. ஆறு கிரீச்சர் வைத்த டெக்கில் ட்வினும் கிரீச்சரும் சேர்ந்து அதற்குள் வர வாய்ப்பு சுமார் 35 சதவீதம், பெஸ்டர்மைட்டை நாலாக்கினால் 40. ட்வின் வேலையையே செய்யும் கிக்கி-ஜிக்கி கார்டில் இரண்டு பிரதியையும் ட்வினோடு சேர்த்தால் 50ஐத் தாண்டுகிறது, அதற்கு ஐந்து மானா (லேண்டைத் தட்டினால் கிடைக்கும், கார்டு போடச் செலவாகும் சக்தி) ஆகும் என்பது உண்மைதான், ஆனால் ஜெயிக்கிற வழியைத் தேடித்தானே இந்த டெக்கையே எடுக்கிறோம்? காம்போ டெக் கட்டினால் முழுசாகக் கட்டுங்கள்.

பாலத்துக்காரன்:
அண்ணே, கணக்கில் குறையில்லை, அதிலிருந்து நீங்கள் போகிற இடம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. ட்வின் ஜெயிப்பது ட்வினால் மட்டும் இல்லை. போன வாரம் ஜார்ஜ்டவுனில் எதிரே இருந்தவரிடம் நாலு லேண்ட், கையில் நல்ல நாலு மானா கார்டு (பிறகு காட்டினார்). நான் மூன்று லேண்டைத் தட்டாமல் வைத்துவிட்டு டர்னைக் கொடுத்தேன். ட்வின் வந்தால் பதில் கொடுக்க வேண்டுமே என்று அவர் ஒவ்வொரு டர்னும் இரண்டு லேண்டைத் திறந்தே வைத்திருந்தார், அந்தக் கார்டு கடைசிவரை இறங்கவே இல்லை. என் கையில் ட்வின் கிடையாது! பெஸ்டர்மைட் பறந்து இரண்டிரண்டாக அடித்தது, ஸ்னாப்காஸ்டர் வந்து போல்ட்டை இன்னொரு தடவை போட்டது, முடிந்தது. கிக்கியை இரண்டு போட்டு, கவுண்டரைக் குறைத்துவிட்டால் இந்த ஆட்டம் எங்கிருந்து வரும்?

செந்தூல்வாசி:
தம்பி, அவர் லேண்டைத் திறந்து வைத்ததால் உங்களுக்கு நடந்தது. இப்போது எத்தனை பேருக்கு அந்த அவசியம் இருக்கிறது? 2021ல் சாலிட்யூட் வந்தது, கையிலிருந்து ஒரு வெள்ளைக் கார்டை எக்ஸைல் செய்தால் (ஆட்டத்திலிருந்தே நீக்கினால்) போதும், மானாவே இல்லாமல் எக்ஸார்க்கைத் தூக்கிவிடும். 2019ல் வந்த ஃபோர்ஸ் ஆஃப் நெகேஷன் உங்கள் டர்னில் ட்வினை இலவசமாக கவுண்டர் செய்யும். எல்லா லேண்டையும் தட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பவரிடம் பயம் எப்படி வேலை செய்யும்? பயம் போன பிறகு மிஞ்சுவது மூன்று மானாவுக்கு ஒரு 1/4 (அடிக்கும் பலம் 1, தாங்கும் பலம் 4) கிரீச்சர். அதற்குத்தான் சொல்கிறேன், ஒன்று போனால் அடுத்த டர்னில் இன்னொன்றைப் போடுகிற மாதிரி காம்போ கார்டுகளை நிறைய வைக்க வேண்டும்.

பாலத்துக்காரன்:
இலவசம் என்று சொல்லாதீர்கள், அதற்கு அவர்கள் இரண்டு கார்டு கொடுக்கிறார்கள். வெறும் எக்ஸார்க்கை இறக்கி அதற்கே சாலிட்யூட் வாங்கிவிட்டால் நமக்குப் போவது ஒன்று, அவருக்குப் போவது இரண்டு. அவசரப்பட்டு ட்வினை மேலே போட்டு, அவர் பதிலடியில் எக்ஸார்க் போனால்தான் நமக்கும் இரண்டு போகிறது. அப்புறம் எல்லாரிடமும் சாலிட்யூட் இல்லை. போரோஸ் எனர்ஜி டெக்கை எடுங்கள், அதன் கால்வனிக் டிஸ்சார்ஜ் தருவது மூன்று எனர்ஜி, செலவழிக்கிற எனர்ஜி அளவுக்குத்தான் அது சேதம் செய்யும். எக்ஸார்க்கின் நாலைக் கொல்ல முன்னாலேயே ஒன்றாவது சேர்த்து வைத்திருக்க வேண்டும். எதிராளியின் எனர்ஜியை எண்ணிக்கொண்டே ஆடினால் எப்போது துணியலாம் என்று தெரிந்துவிடும்.

புதுமுகம்_கிள்ளான்:
நான் இப்போதுதான் இந்த டெக்கைக் கட்டுகிறேன், கிக்கிக்கு வெள்ளியைக் கொட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். எக்ஸார்க்கை எதிராளியின் எண்ட் ஸ்டெப்பில் (டர்ன் முடிவில்) போடுவதா, அப்கீப்பில் (டர்ன் ஆரம்பத்தில்) போடுவதா?

பாலத்துக்காரன்:
பெரும்பாலும் எண்ட் ஸ்டெப்தான். அவரிடம் திறந்திருக்கிற ஒரே வெள்ளை லேண்டையோ கறுப்பு லேண்டையோ எக்ஸார்க் தட்டிவிட்டால், உங்கள் டர்ன் முழுக்க அது தட்டினபடியே கிடக்கும். நீங்கள் அன்டாப் செய்து நாலாவது லேண்ட் போட்டு ட்வின் வைக்கலாம். அவர் உஷாராக இருந்தால் தட்டுவதற்கு முன் அந்த மானாவில் எக்ஸார்க்கை அடிப்பார். அடிக்கட்டும், ட்வின் உங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது. அப்கீப்பில் போட்டால் அவர் டர்னில் ஒரு லேண்ட் குறையும், அவர் மூன்றாவது லேண்டில் திணறுகிறார் என்றால் நல்ல அடி, ஆனால் எக்ஸார்க் அந்த டர்ன் முழுக்க வெளியே நிற்க வேண்டியிருக்கும். ஃபெட்ச் லேண்டை உடைத்து ஃபேட்டல் புஷ் என்ற கில் ஸ்பெல்லைப் போட்டால் செத்துவிடும்.

செந்தூல்வாசி:
இதில் தம்பி சொன்னது சரி. லூப் ஆரம்பித்ததும் எத்தனை காப்பி என்று எண்ணைச் சொல்லிவிட்டு அட்டாக்குக்குப் போங்கள், நேரில் அது போதும். கணினியில் மேஜிக் ஆன்லைனில் ஆடினால் ஒவ்வொரு காப்பிக்கும் தனித்தனியாக கிளிக் செய்ய வேண்டும், கடிகாரத்தில் நேரம் மிச்சம் வையுங்கள். கிக்கி வாங்குவதென்றால் ஒன்றோடு ஆரம்பியுங்கள்.

பாலத்துக்காரன்:
கிக்கிக்கு முன்னால் சைட்போர்டைப் (கேம்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள வைக்கும் கூடுதல் கார்டுகளை) பாருங்கள். இரண்டாவது கேமில் எதிராளி கில் ஸ்பெல்லை நிறைய ஏற்றிக்கொண்டு வருவார். நான் ட்வினில் இரண்டை எடுத்துவிட்டு, அடிப்படை அல்லாத லேண்டுகளை முடக்கும் பிளட் மூனும் பெரிய கிரீச்சரும் ஏற்றுவேன். ட்வின் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது, ஏற்றின கில் ஸ்பெல்லெல்லாம் கையிலேயே தேங்கிப்போகும்.

செந்தூல்வாசி:
அங்கேதான் நம் இருவருக்கும் ஒத்துவரவே இல்லை. பிளட் மூனை அடிப்படை லேண்டோடு சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பெரிய கிரீச்சருக்குப் பிளாக்கர் இருக்கிறது, ஆனால் கையில் பதில் இல்லாதவர் ட்வினைச் சமாளித்து நான் பார்த்ததில்லை. கில் ஸ்பெல்லுக்கு எதிராக நான் ஏற்றுவது டிஸ்பெல், ஒரே நீல மானா, அவர் பதிலுக்குப் போடுகிற இன்ஸ்டன்ட்டை கவுண்டர் செய்து ட்வினை இறங்க வைக்கும். சாலிட்யூட் கிரீச்சர், அதை டிஸ்பெல் தொடாது, அதற்கு இரண்டாவது எக்ஸார்க்தான் பதில். போல்ட்டை எடுப்பேன், ஸ்னாப்காஸ்டரைக்கூட எடுப்பேன், ட்வின் நாலும் உள்ளேயே இருக்கும்.