ஹீலியோஸ் 44-2 லென்ஸில் பூஞ்சை: நானே பிரித்துத் துடைக்கலாமா?

நாகைவாசி:
நண்பர்களுக்கு வணக்கம். என் மாமா ஸ்டுடியோ நடத்திய காலத்தில் பயன்படுத்திய ஜெனித் கேமராவும் ஹீலியோஸ் 44-2 லென்ஸும் (58 மி.மீ., எஃப்/2) அண்மையில் என் கைக்கு வந்தன. இரண்டும் தோல் உறையோடு மர அலமாரியில் நெடுங்காலம் கிடந்தவை. எம்42 அடாப்டர் (பழைய திருகுவகை லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்த உதவும் வளையம்) வாங்கி என் மிரர்லெஸ் கேமராவில் பொருத்திப் பார்த்தேன். நிழலில் எடுக்கும் படங்கள் நன்றாகவே வருகின்றன. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் முழுவதும் வெளிறிவிடுகிறது. பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தபோது, கண்ணாடியின் ஓரத்தில் தொடங்கி நடுப்பகுதியை நோக்கி மெல்லிய வெண்ணிற இழைகள் கிளை பிரிந்து படர்ந்திருப்பது தெரிந்தது. இதை நானே பிரித்துத் துடைக்கலாமா? வெயிலில் வைத்தாலே போய்விடும் என்கிறார் ஒருவர். மற்ற லென்ஸ்களுக்கும் இது தொற்றுமா?

பழைய லென்ஸ் பிரியர்:
வணக்கம். திருப்புளியை எடுப்பதற்கு முன் பூஞ்சை எந்தப் பரப்பில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த லென்ஸில் ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக அமைந்துள்ளன. முன்னும் பின்னும் தனிக் கண்ணாடி ஒவ்வொன்றும், அப்பர்ச்சர் இதழ்களின் (ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகள்) இருபுறமும் ஒட்டப்பட்ட இரட்டைக் கண்ணாடி ஒவ்வொன்றும் இருக்கும். அப்பர்ச்சரை 16 வரை, அதாவது துளை மிகச் சிறிதாகும் வரை, மூடிவிட்டு முன்பக்கத்திலிருந்து பாருங்கள். இழைகள் அப்போதும் முழுமையாகத் தெரிந்தால் அவை இதழ்களுக்கு முன்னே இருக்கின்றன. மறைந்துவிட்டால் பின்னே இருக்கின்றன. இரட்டைக் கண்ணாடியின் ஒட்டுக்கு நடுவே புகுந்திருந்தால் வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை, அதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

ஒட்டுக்கு நடுவே இல்லாமல் கண்ணாடியின் பரப்பில்தான் என்றால் துடைக்கலாம். பெயர் பொறித்த முன்வளையத்தை உலோகக் கருவியால் நெம்பாமல், அதன் அளவுக்குப் பொருந்தும் ரப்பர் வளையத்தை அழுத்திப் பிடித்துத் திருகுங்கள். ஒவ்வொரு கண்ணாடியையும் எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தலைகீழாகப் போட்டால் பின்னர் எவ்வளவு திருகினாலும் படம் கூர்மையாகாது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடையும் அம்மோனியாக் கரைசலையும் சம அளவில் அப்போதைக்கப்போது கலந்து, பஞ்சில் தொட்டுப் பரப்பின் மேல் சில நிமிடங்கள் வைத்திருந்து, வாலை வடிநீராலும் கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்தெடுங்கள். காற்றோட்டமான இடமும் கையுறையும் கட்டாயம். மீந்த கலவையைப் புட்டியில் அடைத்து வைக்காதீர்கள். வாயு சேர்ந்து புட்டி வெடிக்கக்கூடும். ஒட்டிய கண்ணாடிகளைக் கரைசலில் ஊறப்போடவும் கூடாது, அசிட்டோன் பக்கமே போகவும் கூடாது.

இழைகள் போன பிறகு கண்ணாடியின் மேல் மூச்சு விட்டுப் பாருங்கள். கிளை கிளையாகத் தடம் தெரிந்தால், பூஞ்சை சுரந்த அமிலம் மேற்பூச்சை அரித்துவிட்டது என்று பொருள். அதை எந்தத் துடைப்பும் மீட்காது. ஆயினும் எதிர் வெளிச்சத்தைத் தவிர்த்தால் படத்தில் அந்தத் தடம் பெரும்பாலும் தெரிவதில்லை.

ஈரக்காற்று:
மேலே உள்ளவர் சொன்னதோடு உடன்படுகிறேன். வெயில் பற்றி மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைக் கண்ணாடியே தடுத்துவிடுகிறது. பூஞ்சை செத்தாலும் இழைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். எஃப்/2 லென்ஸைச் சூரியனுக்கு நேரே திறந்து வைத்தால், பின்னால் இருக்கும் துணியோ மரமோ தீப்பற்றக்கூடும்.

தொற்று என்று அஞ்ச வேண்டியதில்லை. பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவை முளைப்பதற்கு வேண்டியது ஈரமும் கொஞ்சம் தூசும் எண்ணெய்ப் பசையுமே. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் சுத்தமான லென்ஸிலும் வளரும். கடலோர ஊரில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், அலமாரிக்குள் அந்த நிலைதான். ஆகவே முதலில் அந்தத் தோல் உறையைப் பிரித்து வையுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி ஆகிய மூன்றும் போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். வெகுவாகக் கீழே இறக்கினால் கிரீஸ் காய்ந்து குவிய வளையம் இறுகும். சிலர் அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்கிறார்கள், அரிசியின் மாவுத்தூசு பூஞ்சைக்குத் தீனியாகும்.

நாகைவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்பர்ச்சரை 16இல் வைத்துப் பார்த்தேன். இழைகள் மறையவில்லை, ஆகவே முன்தொகுதியில்தான். டார்ச்சைச் சாய்த்துப் பார்க்கையில் முன்கண்ணாடியின் உட்பரப்பில் இருப்பதாகவே தோன்றுகிறது. முன்கண்ணாடியை மட்டும் எடுத்தால் போதுமா, உள்ளே இருக்கும் இரட்டைக் கண்ணாடியையும் வெளியே எடுக்க வேண்டுமா?

பழைய லென்ஸ் பிரியர்:
முன்கண்ணாடி மட்டும் போதும். அதை எடுத்ததும் இரட்டைக் கண்ணாடியின் முகப்பு உங்களுக்கு நேரே தெரியும். அங்கும் இழை இருந்தால் இருந்த இடத்திலேயே ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுங்கள், சொட்ட விடாதீர்கள். சொட்டினால் அப்பர்ச்சர் இதழ்களுக்குள் இறங்கி, அங்குள்ள எண்ணெயைக் கரைத்துக் கண்ணாடி மேல் பரப்பிவிடும்.