கிரீன் டீ கேப்சூல்: வண்டிப்பெரியாறு அக்காவுக்கு நடந்தது

குமுளிக்காரன்:
எங்கள் பெரிய அக்காவுக்கு வயது 51. எடை குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி ஆன்லைனில் கிரீன் டீ கேப்சூல் வாங்கி, காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு இரண்டாக ஐந்து வாரம் விழுங்கியிருக்கிறார். அப்புறம் சோற்றைக் கண்டாலே குமட்டல், சிறுநீர் கட்டஞ்சாயா நிறம். ரத்தம் எடுத்துப் பார்த்தால், கல்லீரல் கெட்டால் ஏறும் எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம் 412. நிறுத்தி இரண்டு மாதம் கழித்துத்தான் இறங்கியது. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய கை, தேயிலை நம்மை என்ன செய்துவிடும் என்று நினைத்துவிட்டார். டப்பாவில் "ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைப் போக்கும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. யாரும் தொடாதீர்கள்.

போடி ஏலக்காய்:
அக்கா தேறியது சந்தோஷம் அண்ணே. ஆனால் ஒருவருக்கு ஆனதை வைத்து எல்லாருக்கும் கதவடைப்பது சரியில்லை. நான் சர்க்கரைக்காரன், எட்டு மாதமாகச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று போடுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. சர்க்கரை ஏறினால் உடம்பில் ஃப்ரீ ராடிக்கல் என்ற நிலையில்லாத மூலக்கூறுகள் பெருகிக் கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கும், டப்பாவில் சொல்லும் அழுத்தம் அதுதான், தேயிலைச் சத்து அதைத் தடுக்கும். ஜப்பானில் காலங்காலமாகக் குடிக்கிறார்களே?

மூணாறு லேப்:
தம்பி, அவர்கள் குடிப்பது டீ. கேப்சூலில் இருப்பது காய்ச்சிச் சுண்டவைத்த சாறு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதில்தான் ஆபத்து. கிரீன் டீயின் முக்கியச் சத்தான இ.ஜி.சி.ஜி. சோதனைக் குழாயில் ஃப்ரீ ராடிக்கலைப் பிடித்து அடக்குவது உண்மை, ஆனால் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். அது தானே ஆக்சிஜனோடு வினை செய்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். அளவாக இருந்தால் அந்தச் சின்னச் சீண்டலில் செல் விழித்துக்கொண்டு தன் சொந்தப் பாதுகாப்புப் பொருளான குளுட்டாதையோனைக் கூட்டிக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். அளவு மீறினால் அதே சீண்டல் கல்லீரல் செல்லைக் கெடுக்கும், அதாவது எந்த அழுத்தத்தைப் போக்க விழுங்குகிறோமோ அதையே ஏற்றிவிடும். மனிதர்களிடம் செய்த ஆய்வுகளிலும் கொழுப்பு எவ்வளவு அரிபட்டது என்று காட்டும் எம்.டி.ஏ. என்ற அளவு சிலவற்றில் குறைகிறது, சிலவற்றில் அசையவே இல்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது: கேப்சூல் வழியாக நாளைக்கு 800 மி.கி. இ.ஜி.சி.ஜி. அல்லது அதற்கு மேல் போனால் கல்லீரல் என்சைம் ஏறுகிறது. ஒரு கப் டீயில் பெரும்பாலும் 100 மி.கி.க்குள்தான் இருக்கும். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும். அக்கா செய்தது அதுதான்.

போடி ஏலக்காய்:
என் டப்பாவில் 500 மி.கி. என்றுதான் போட்டிருக்கிறது. 800-க்குக் கீழே, அப்புறம் என்ன பயம்?

மூணாறு லேப்:
500 எது, சாறா, இ.ஜி.சி.ஜி.யா? பின்பக்கம் பாருங்கள். 800-க்குக் கீழே என்றால் எல்லாருக்கும் பத்திரம் என்றும் இல்லை. எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வர வாய்ப்பு கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள், அது நமக்கு இருக்கிறதா என்று கடையில் எவரும் கேட்டு விற்பதில்லை. ரத்தசோகை உள்ளவர்கள் இன்னும் கவனம், சாப்பாட்டோடு போட்டால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும்.

குமுளிக்காரன்:
அக்கா டப்பாவை இப்போது எடுத்துப் பார்த்தேன். "பாலிஃபீனால் 90 சதம்" என்று மட்டும் இருக்கிறது, அது இ.ஜி.சி.ஜி.யும் சேர்ந்த தேயிலைச் சத்துகளின் மொத்தப் பெயராம். இ.ஜி.சி.ஜி. எத்தனை என்று எங்கேயும் இல்லை.

போடி ஏலக்காய்:
என்னுடையதில் இ.ஜி.சி.ஜி. 45 சதம் என்று பொடி எழுத்தில் இருக்கிறது, அப்படியென்றால் 225 மி.கி. நான் நிறுத்தப் போவதில்லை அண்ணே, எனக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் இந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூட எஸ்.ஜி.பி.டி. பார்க்கவில்லை. திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கிறேன், வந்ததும் இங்கேயே போடுகிறேன்.